செவலையின் தொடையில் இருந்த ஈயம்

எவர்சில்வர் கிண்ணத்தில் ஈயம் விழுந்தால் 'டங்' என்று கேட்கும் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்கவில்லை. ஈரத் துணி தரையில் விழுந்த மாதிரி மந்தமாக ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மிருக டாக்டர் இடுக்கியை அலசிக்கொண்டே கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். ஒற்றப்பாலத்துப் பெண். எங்களிடம் பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுவார்.

"சின்ன ரவை அல்ல இது. ஈயம் உருக்கி ஒழிச்சதாணு. நாடன் தோக்கு. கிட்டத்தில நின்னு வெச்சிருக்கணும்."

ஈயத்தை உருக்கி ஊற்றிய குண்டு, நாட்டுத் துப்பாக்கி, பக்கத்தில் நின்று சுட்டது என்கிறார். மாமரத்தடியில் கயிற்றில் கட்டுண்டு கிடந்த செவலைக் காளை பெருமூச்சு விட்டது. பழனிச்சாமி அண்ணன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் தலை நிமிர்ந்தது. சுற்றி நின்ற எல்லோர் தலையும் ஒரே பக்கமாகத் திரும்பியது.

பம்ப் செட் ரூம் வாசலில் தோப்புக் காவல்காரர் சேவியர் நின்றுகொண்டிருந்தார்.

அன்று காலையில்

பாலக்காட்டுப் பக்கம், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, பனைமரங்களுக்கும் மாந்தோப்புகளுக்கும் நடுவில் எங்கள் வீடு. நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஃபிஸிக்ஸ் எடுக்கிறேன். என் கணவர் சண்முகம் விவசாயம். எங்கள் கடலைக்காட்டுக்குத் தெற்கே ஒரு வயல், அதற்கப்புறம் வாய்க்கால், அதற்கும் அப்புறம் ஒரு தரிசு. அதைத் தாண்டினால் பழனிச்சாமி அண்ணனின் மாந்தோப்பு.

இந்தப் பக்கத்துக் காட்டுப்பன்றிகளைப் பற்றி நான் எழுதினால் அது தனித் தொடராகிவிடும். கடலைக்காய் போட்டால் கடலைக்காய், கிழங்கு போட்டால் கிழங்கு. எதையும் மிச்சம் வைக்காத விருந்தாளிகள். பஞ்சாயத்தில், லைசன்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை எழுதி வாங்கி, பன்றி சுட அனுமதி கொடுத்திருந்தார்கள். அதில் என் கணவர் பெயரும் உண்டு. அவருடைய அப்பா வைத்திருந்த ரெட்டைக் குழல் துப்பாக்கி, முறைப்படி இவர் பெயருக்கு மாறியிருந்தது.

பன்றியைச் சுடுவதற்குப் பெரிய குண்டு போட்ட தோட்டா வேண்டும். வெறுமனே விரட்டுவதற்கு, மாமனார் காலத்துச் சின்ன ரவைத் தோட்டாக்கள் போதும். ஒரு சத்தம், கொஞ்சம் புகை, பன்றிகள் ஓடிவிடும்.

அந்தச் சனிக்கிழமை, வெயில் ஏறுகிற நேரத்தில், கடலைக்காட்டுக்குள் ஒரு கூட்டம் புகுந்துவிட்டது. குட்டிகளும் இருந்தன. என் கணவர் பழைய தோட்டா ஒன்றைப் போட்டு, அவற்றின் தலைக்கு மேலே தெற்குப் பக்கமாக வெடித்தார். பன்றிகள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின. இவர் வீட்டுக்கு வந்து கால் கழுவி, இட்லிக்கு உட்கார்ந்தார்.

இரண்டாவது இட்லியில் கை வைத்தபோது தோப்புப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது.

பரணில் இருந்த ரவை

இங்கே நடுவில் ஒரு பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு நாள் என் மாமியார் பின்கட்டிலிருந்து குரல் கொடுத்தார். "கண்ணு, அடுப்புக்கு மேல பரண்ல தகர டப்பா இருக்கும் பாரு. ரவைய எடு, உப்புமா கிண்டீரலாம்."

ஏறினேன். இரண்டு தகர டப்பாக்கள் இருந்தன. ஒன்று லேசு, ஒன்று கனம். புது மருமகளாயிற்றே, வீட்டில் எல்லோருக்கும் போத வேண்டுமே என்று கனமான டப்பாவை இறக்கித் திறந்தேன். உள்ளே சிவப்புச் சிவப்பாகத் தோட்டாக்கள் வரிசையாக நின்றன.

நான் கத்திய கத்தலில் என் மாமனார் ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் சிரித்து முடிக்க அவருக்கு வெகு நேரம் ஆயிற்று. "அதுவும் ரவைதான் கண்ணு. என்ன, வேவாது" என்றார்.

மழைக்காலத்தில் ஈரம் படக்கூடாது என்பதற்காக அவர் அந்த டப்பாவை அடுப்புக்கு மேலேயே வைத்திருந்தார். அவர் போன பிறகும் அது அங்கேயே இருந்தது. கேஸ் அடுப்பு வந்தது, மிக்ஸி வந்தது, பரண் மட்டும் மாறவில்லை. கீழே குழம்பு கொதிக்கும்போதெல்லாம் மேலே அந்தத் தோட்டாக்களும் கூடவே காய்ந்தன. மழைக்காலத்தில் ஆவி பட்டு ஊறின. வெயில் காலத்தில் மறுபடி காய்ந்தன.

சரி, தோப்புக்கு வருவோம்.

சேவியரின் குழாய்

செவலை என்பது பழனிச்சாமி அண்ணனின் ரேக்ளாப் பந்தயக் காளை. பொள்ளாச்சிப் பக்கம் அதன் பெயரைச் சொன்னால் வழி விடுவார்கள். அண்ணனுக்குக் குழந்தைகள் இல்லை. அண்ணி போன பிறகு அவர் பேசுவது பெரும்பாலும் செவலையோடுதான். அதன் பின்னந்தொடையில் விரல் போகிற மாதிரி ஒரு ஓட்டை. ரத்தம் குளம்பு வரைக்கும் வடிந்திருந்தது.

சேவியர் அந்தத் தோப்பின் காவல்காரர். சொந்த ஊர் இடுக்கி மலையில் இருக்கிற சாந்தன்பாறை. தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கமிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போன குடும்பம். மலையில் வேலை குறைகிற மாதங்களில் மாங்காய்க் காவலுக்கு இங்கே வருவார். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேச மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைச் சட்டை போட்டு, பஸ் ஏறி மாதா கோயிலுக்குப் போய் வருவார்.

மாம்பிஞ்சைக் குரங்கு கடித்துப் போடாமல் இருக்க, அவரிடம் ஒரு குழாய் வெடி இருந்தது. பிளாஸ்டிக் குழாயில் கார்பைடு போட்டு, தண்ணீர் தெளித்து, லைட்டரைத் தட்டினால் 'டொப்' என்று வெடிக்கும். சத்தம்தான், வேறொன்றும் வராது. அன்று காலையிலும் வெடித்திருக்கிறார்.

டாக்டர் வாயிலிருந்து 'நாடன் தோக்கு' என்று வந்ததும் எல்லோருக்கும் அந்தக் குழாய் நினைவுக்கு வந்துவிட்டது.

"குழாய்ல ஈயத்தப் போட்டு வெடிச்சா அதுவுந் துப்பாக்கிதானுங்க?" என்றார் பஞ்சாயத்து மெம்பர். எங்கே கூட்டம் கூடினாலும் முதலில் வந்து நிற்கிறவர்.

"நான் சுடல மொதலாளி" என்றார் சேவியர். "எனக்குத் துப்பாக்கியப் புடிக்கக்கூடத் தெரியாது."

யாரோ அவருடைய பையை எடுத்து வந்து கொட்டினார்கள். இரண்டு கைலி, வெள்ளைச் சட்டை, ஜெபமாலை, போன் சார்ஜர், மகளுக்கு வாங்கி வைத்திருந்த கலர் பென்சில் பெட்டி. தரையில் கிடந்த அந்தப் பொருட்களை அவர் குனிந்து எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. "ஏனுங்க, அந்தப் பிளாஸ்டிக் குழாய்ல ஈயத்தப் போட்டு வெடிச்சா குழாய்தானுங்க சிதறும்? ஈயம் ஏனுங்க போகுது?" என்று கேட்டேன்.

"அப்ப வேற துப்பாக்கி எங்கியோ ஒளிச்சு வெச்சிருக்கறான் டீச்சர். இடுக்கிக் காட்டுல இதெல்லாம் சகஜமுங்க. நாளைக்கு ஸ்டேஷன்ல விசாரிச்சா தானா வரும்" என்றார் மெம்பர்.

என் கணவரை யாரும் சந்தேகப்படவில்லை. அவர் வெடித்ததை ஊரே கேட்டது, அவரும் மறைக்கவில்லை. ஆனால் சின்ன ரவை அவ்வளவு தூரம் போகாது, போனாலும் மேலே மழைத்தூறல் மாதிரி விழும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உண்மையும் அதுதான்.

டாக்டர் காயத்தைக் கட்டிவிட்டுக் கிளம்பிப் போனார். பழனிச்சாமி அண்ணன் கிண்ணத்தைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார், ஸ்டேஷனில் காட்டுவதற்காக.

"ஏனுங்ணா, அத நான் சித்த பாக்கலாமுங்களா?" என்றேன்.

"பாரு அம்மிணி" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

கொண்டை ஊசியால் அந்த ஈயத்தைப் புரட்டினேன். சுண்டைக்காய் அளவு. ஒரு பக்கம் நசுங்கி வழவழவென்று இருந்தது. மறுபக்கம் முண்டும் முடிச்சுமாக, நெருக்கிக் கட்டிய திராட்சைக் கொத்து மாதிரி இருந்தது. ஒவ்வொரு முண்டும் ஒரே அளவு, ஒவ்வொன்றும் உருண்டை.

உருக்கி ஊற்றிய குண்டுக்கு ஏன் திராட்சை முளைக்க வேண்டும்?

கிண்ணத்தை அண்ணன் பக்கத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

குழலுக்குள் ஒரு பஸ்

வகுப்பில் நான் நியூட்டனை நடத்துவது எங்கள் கொல்லங்கோட்டு பஸ்ஸை வைத்துத்தான். பஸ் வெடுக்கென்று கிளம்பினால் நிற்கிறவர்கள் எல்லாம் பின்னால் சாய்வார்கள். கடைசியில் நிற்கிறவர் பாவம், முன்னால் இருக்கிற அத்தனை பேர் எடையும் அவர் மேல்.

ரவைத் தோட்டாவுக்குள்ளும் அதேதான். அடியில் மருந்து. அதற்கு மேல் கம்பளித் தக்கை. தக்கைக்கு மேல் ரவைகள், நெருக்கியடித்துக்கொண்டு. விசையை இழுத்ததும் மருந்து எரிந்து வாயுவாகிறது. வாயு தக்கையைத் தள்ளுகிறது, தக்கை ரவைகளைத் தள்ளுகிறது. சும்மா இருந்த ரவை, ஒரு கை நீளக் குழலைக் கடப்பதற்குள் சத்தத்தின் வேகத்தைத் தாண்டியாக வேண்டும். கண் சிமிட்டுகிற நேரம்கூட இதற்கு ரொம்ப அதிகம்.

அந்தத் தள்ளலில் அடி ரவைகள் மேல் ரவைகளின் பாரத்தில் நசுங்குகின்றன. ஓரத்து ரவைகள் குழலின் சுவரில் உரசித் தட்டையாகின்றன. நடுவில் இருப்பவை மட்டும் உருக்குலையாமல் வருகின்றன. சில குழல்களின் வாய் கொஞ்சம் குறுகலாக இருக்கும். ரவைகள் சீக்கிரம் சிதறாமல் இருப்பதற்காக அப்படிச் செய்வது. தேர் பார்த்துவிட்டுச் சந்து வழியாகத் திரும்புகிற கூட்டத்தைப் போல, அந்த இடத்தில் எல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வெளியே வரும்.

வெளியே வந்ததும் காற்று. உருண்டை ரவை நேராகப் போகும். நசுங்கினது அதன் போக்கில் ஓரமாக ஒதுங்கும். எல்லாமே பொடிசு என்பதால் எல்லாமே சீக்கிரம் களைத்துப் போகும். ஒரு கைப்பிடி மணலை அள்ளி வீசிப் பாருங்கள், நாலடியில் கொட்டிவிடும். அதே மணலை ஈரமாக்கி உருண்டை பிடித்து வீசினால்?

இதுவரைக்கும் எனக்கு முன்பே தெரியும். தோப்பு வரப்பில் வீட்டை நோக்கி நடக்கும்போதுதான் மிச்சம் ஓடியது.

தக்கையின் வேலை தள்ளுவது மட்டுமல்ல. குக்கருக்கு ரப்பர் வளையம் மாதிரி, கீழே இருக்கிற நெருப்பு மேலே வராமல் அது அடைக்க வேண்டும். அந்தத் தக்கை வருஷக்கணக்காக ஒரு அடுப்புக்கு மேல் காய்ந்து, ஊறி, மறுபடி காய்ந்து, சுருங்கிப் போயிருந்தால்? ஓரத்தில் இடைவெளி விழும். அதன் வழியாகக் கொதிக்கிற வாயு ரவைகளுக்குள் பீறிக்கொண்டு போகும். ஈயம் சீக்கிரம் உருகுகிற உலோகம். ஏற்கெனவே நெருக்குண்டு கிடக்கிற ரவைகளின் விளிம்பு இளகினால், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

அதற்கப்புறம் அது ரவை இல்லை. கட்டி.

ரோஜாப்பூ பெட்ஷீட்

எனக்கு முன்பே தோப்பிலிருந்து திரும்பிவிட்ட என் கணவர், ஆறின இட்லியை மறுபடி தின்ன மனமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் நினைத்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப நாஞ் சுட்டதா?"

"தெரியலீங்க. பாத்தரலாம்."

பீரோவில் இருந்ததிலேயே பெரிய பெட்ஷீட்டை எடுத்தேன். என் சித்தி கல்யாணத்துக்குக் கொடுத்தது, ரோஜாப்பூ போட்டது. கிணறு வெட்டிய மண் மேடு எங்கள் காட்டுக் கோடியில் வீட்டுயரத்துக்குக் கிடக்கிறது. அதற்கு முன்னால் இரண்டு மூங்கில் நட்டு, பெட்ஷீட்டைக் கட்டினோம். சுற்றுமுற்றும் ஆள், மாடு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அவர் தள்ளிப் போய் நின்றார். பரண் டப்பாவிலிருந்து ஒரு தோட்டா.

வெடித்தது. போய்ப் பார்த்தோம். ரோஜாப்பூக்களின் மேல் சல்லடை போட்ட மாதிரி பொட்டுப் பொட்டாக ஓட்டைகள், மேல் பாதி முழுக்கப் பரவலாக. குறை சொல்ல ஒன்றுமில்லை.

"பாத்தியா? ஒழுங்காத்தான இருக்குது" என்றார். குரலில் தெம்பு வந்திருந்தது. எனக்கும் வந்தது. நான் தப்பாக நினைத்திருக்க வேண்டும் என்று அந்த நிமிஷம் ரொம்ப ஆசைப்பட்டேன்.

"இன்னொண்ணு பாத்தரலாங்க."

பெட்ஷீட்டைத் தலைகீழாகத் திருப்பி, சுத்தமான பக்கத்தை நடுவில் வைத்துக் கட்டினோம். இரண்டாவது வெடி. இந்தத் தடவை சத்தம் கொஞ்சம் வேறாக, இருமல் மாதிரி இருந்தது.

பொட்டுகள் பாதிகூட இல்லை. ஒரு ரோஜாவின் நடுவில் மட்டும் ஓரம் கிழிந்த ஒரு ஓட்டை. என் கணவர் அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் போனது.

மண் மேட்டைக் களைக்கொத்தால் கிளறினேன். முழங்கை ஆழத்தில் கிடைத்தது. சுண்டைக்காய் அளவு. ஒரு பக்கம் நசுங்கல், மறுபக்கம் திராட்சைக் கொத்து.

அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். துப்பாக்கியை மடியில் வைக்கவில்லை, எட்டத் தள்ளி வைத்தார்.

"செவலைக்குக் கால் போயிட்டா அந்த மனுசன் பொழைக்க மாட்டாரு, புள்ள."

"கால் போகாதுன்னு டாக்டர் சொன்னாங்க."

"போன வேனலுக்கு வாய்க்கால் தண்ணிக்கு அவரோட சண்டை போட்டமே, அது ஊருக்கே தெரியும். இப்பப் போயி நாந்தான் சுட்டேன்னு சொன்னா, வேணும்னே சுட்டான்னு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க."

"துப்பாக்கி போயிரும். பன்னி கடலைக்காட்ட முழுசா முடிச்சிரும்."

"ஆமாங்க."

"சொல்லாம இருந்தா?"

அவர் என்னை மடக்கக் கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்டார். நானும் உண்மையைச் சொன்னேன். "சொல்லாம இருந்தா யாருக்கும் தெரியாதுங்க. ரவை அவ்வளவு தூரம் போகாதுன்னு எல்லாருமே நம்பறாங்க. நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

"சேவியரு?"

"நாளைக்கு ஸ்டேஷனுக்குக் கூட்டீட்டுப் போவாங்க. எங்கிட்டத் துப்பாக்கி இல்லைன்னு சொல்லுவாரு. இல்லாத துப்பாக்கிய எங்க இருக்குதுன்னு கேப்பாங்க."

தரிசுக்கு அந்தப் பக்கம் மாந்தோப்பு பச்சைச் சுவர் மாதிரி தெரிந்தது. என் கணவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"அந்தப் பெட்சீட்ட மடிச்சுக் குடு" என்றார்.

தோப்பில்

நாங்கள் போனபோது கூட்டம் பாதி கலைந்திருந்தது. மெம்பர் இருந்தார். செவலை எழுந்து மூன்று காலில் நின்றது. அதற்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் சேவியர். எல்லோரும் சந்தேகப்பட்ட ஆளின் கையிலிருந்துதான் மாடு தண்ணீர் குடிக்கிறது. வேறு யார் வாளியை நீட்டினாலும் மூஞ்சியைத் திருப்புகிறது. அதைப் பார்த்துக்கொண்டு பழனிச்சாமி அண்ணன் உட்கார்ந்திருந்தார். சேவியரின் பொருட்கள் அப்போதும் தரையில்தான் கிடந்தன.

என் கணவர் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணா, செவலையச் சுட்டது நானுங்க" என்றார்.

பெட்ஷீட்டை நான் ஒரு முனையும் அவர் ஒரு முனையுமாகப் பிடித்து விரித்தோம். எங்கள் படுக்கை விரிப்பை ஊர்முன் இப்படிக் காட்டுவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. மண்ணிலிருந்து எடுத்த ஈயத்தை அண்ணனின் கிண்ணத்தில் போட்டேன். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. மெம்பர் குனிந்து பார்த்தார், எது மாட்டிலிருந்து வந்தது, எது மண்ணிலிருந்து வந்தது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

தக்கை, வாயு, அடுப்பு, பரண் எல்லாவற்றையும் சொன்னேன். மணல் உருண்டையையும் சொன்னேன். பழனிச்சாமி அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்ஷீட்டின் அருகே வந்தார். பெரிய ஓட்டையில் ஒரு கண்ணை வைத்து, அந்தப் பக்கம் நின்ற என் கணவரைப் பார்த்தார்.

"சம்முகம், நீ வேணும்னே சுடலீன்னு நான் எப்படி நம்பறது?"

"வேணும்னு சுட்டிருந்தா இதச் சொல்ல வந்திருக்க மாட்டனுங்ணா. சேவியரக் கூட்டீட்டுப் போறதப் பாத்துட்டு ஊட்டுல சோறு தின்னுட்டு இருந்திருப்பேன்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். திட்டினார். இங்கே அச்சில் போட முடியாத வார்த்தைகள். என் கணவரின் அப்பாவையும், துப்பாக்கியையும், பரணையும், கடைசியில் உப்புமாவையும்கூட விட்டுவைக்கவில்லை. என் கணவர் தலை குனிந்து வாங்கிக்கொண்டார். திட்டி முடித்ததும் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. பிறகு அவர் மெதுவாக சேவியர் பக்கம் திரும்பினார்.

"சேவியரு..." என்றார். அதற்கு மேல் வரவில்லை.

சேவியர் வாளியைக் கீழே வைத்தார். குனிந்து, கைலியை உதறி மடித்தார். சட்டையை மடித்தார். ஜெபமாலையை ஊதிப் பையில் போட்டார். பென்சில் பெட்டியைத் திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து மூடினார்.

"எனக்குக் கோவம் இல்ல மொதலாளி" என்றார். "ஆனா ஒண்ணு சொல்லுதேன். காலைலருந்து ஒருத்தர்கூட என்னய 'நீ சுட்டியா'ன்னு கேக்கல. எல்லாரும் 'எங்க ஒளிச்சு வச்சிருக்க'ன்னுதான் கேட்டாங்க."

மெம்பர் போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு வரப்பைப் பார்த்து நடந்தார்.

ஸ்டேஷனும் பஸ் ஸ்டாண்டும்

அன்று மத்தியானமே என் கணவர் துப்பாக்கியையும் தகர டப்பாவையும் கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படைத்து, நடந்ததை எழுதிக் கொடுத்தார். எஸ்.ஐ. டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, இதை அடுப்புக்கு மேலா வைத்திருந்தீர்கள் என்று இரண்டு தடவை கேட்டாராம். இரண்டாவது தடவை நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாராம். விசாரணை நடந்தது. பஞ்சாயத்துப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். லைசன்ஸ் இன்னும் கலெக்டர் ஆபீஸில் தூங்குகிறது. பன்றிகளுக்கு இந்தச் செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. கடலைக்காட்டில் அந்த வருஷம் எங்களுக்கு மிஞ்சியது கொடி மட்டும்தான்.

ஆனால் அன்றிரவு என் கணவர் நன்றாகத் தூங்கினார். பெட்ஷீட் இல்லாமல்.

திங்கட்கிழமை காலையில் நான் ஸ்கூலுக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நின்றேன். கடைவீதி வழியாக சேவியர் வந்தார், வெள்ளைச் சட்டையில். ஊருக்குக் கிளம்பிவிட்டார். பழனிச்சாமி அண்ணன் கூடவே வந்தார். சேவியரின் பை அண்ணனின் தோளில் இருந்தது.

பத்து ஏக்கர் தோப்புக்காரர், வெள்ளை வேட்டி, தோளில் காவல்காரரின் பிய்ந்த பை. டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரைக் கையில் பிடித்தபடியே பார்த்துக்கொண்டு நின்றார். சேவியர் வழி நெடுகப் பையைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். அண்ணன் தரவில்லை.

பொள்ளாச்சி பஸ் வந்தது.

"குடுங்க மொதலாளி, பஸ் கெளம்பிரும்" என்றார் சேவியர்.

"நீ ஏறு" என்றார் அண்ணன்.

சேவியர் ஏறினார். பையோடு அண்ணனும் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டினார். எங்கே போகிறார் என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

பொள்ளாச்சி வரைக்கும் வழியனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். சாயங்காலம் திரும்பி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் எனக்குப் போன் வந்தது. பின்னால் மழை மாதிரி ஒரு இரைச்சல்.

"அம்மிணி, பழனிச்சாமி பேசறேன். சாந்தன்பாறைல இருக்கறேன். என்ன குளிருங்கற!"

"அங்க என்னங்ணா பண்றீங்க?"

"ஏலக்கா பறிக்கறேன்." ஒரு இருமல். "சேவியரு ஊட்டுலதான் இருக்கறேன். அவம் பொண்டாட்டி கப்பக் கெழங்கும் மீனும் வெச்சுக் குடுத்துச்சு. பொண்ணு கலர் பென்சில்ல என்னைய வரைஞ்சுச்சு. மீசை பெருசாப் போயிருச்சு."

"சேவியர் என்ன சொன்னாருங்க?"



"உங்கிட்டக் கேக்காமப் போனது தப்புடான்னு சொன்னேன். பஸ்ஸுல சொல்லலாம்னு பாத்தேன், வர்ல. மூணாறு தாண்டியும் வர்ல. இங்க வந்து, அவம் பொண்டாட்டி முன்னால வெச்சுத்தான் சொன்னேன். கடைசிப் பறிப்பு முடியட்டும், வாரேன்னு சொல்லீட்டான். ரெண்டு பேருமா வந்தர்றோம்."

"செவலை எப்படி இருக்குதுன்னு கேக்கலியேங்ணா?"

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். காலைல சாயங்காலம் காயத்துக்கு மருந்து போடோணும். பண்ணையத்துப் பசங்களை விட வேண்டாம். சம்முகத்த அனுப்பு."

"அவரைக் கண்டா முட்டுமேங்ணா."

"முட்டும்" என்றார். குரலில், நடந்தது எல்லாவற்றுக்கும் பிறகு முதல் தடவையாக, ஒரு சந்தோஷம் இருந்தது. "முட்டட்டும்."

என் கணவர் மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு, வரப்பு வழியாகத் தோப்புக்குப் போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

முட்டியது.